மணலைத் தொடாமல் தோரியத்தைப் பார்ப்பது: மீன் ஐஸில் இயங்கும் முகில் கலம்

கன்னியாகுமரி மாவட்டத்தின் மணவாளக்குறிச்சி, சின்னவிளை, மிடாலம் கடற்கரைகளில் அலை ஒதுக்கிவிட்டுப் போகும் கருமணலில் இல்மனைட், ரூட்டைல், சிர்கான், கார்னெட் ஆகியவற்றோடு மோனசைட்டும் கலந்திருக்கிறது. மோனசைட்டின் எடையில் ஏறத்தாழ 9 சதவீதம், கதிரியக்கத் தனிமமான தோரியத்தின் ஆக்சைடு. 1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் இதை இங்கே அடையாளம் கண்டார். அன்றைக்குத் தோரியம் தேவைப்பட்டது வாயு விளக்குகளில் ஒளிரும் வலையான மேன்டிலுக்கு. இன்றும் மணவாளக்குறிச்சி மணல் ஆலை இந்தக் கனிமங்களைத்தான் பிரித்தெடுக்கிறது.

அந்தத் தோரியம் சிதைவதைக் கண்ணால் பார்க்க ஒரு கைப்பிடி மணல்கூட எடுக்க வேண்டியதில்லை. எடுக்கவும் கூடாது. மோனசைட் அணுசக்திச் சட்டத்தின்கீழ் வரும் பொருள், அதைச் சேர்த்து வைப்பது குற்றம். தேவையும் இல்லை, ஏனென்றால் தோரியத்தின் சிதைவு வரிசையில் நடுவே ஒரு வாயு பிறக்கிறது. தோரான் என்று அழைக்கப்படும் ரேடான்-220 அது. மண்ணிலிருந்தும் சுவரிலிருந்தும் கசிந்து 55.6 வினாடியில் பாதியாகக் குறையும். அது சிதைந்து உண்டாகும் ஈயம்-212 காற்றில் மிதக்கும் தூசியில் ஒட்டிக்கொள்ளும். அதன் அரை ஆயுட்காலம், அதாவது பாதியாகக் குறைய ஆகும் நேரம், 10.6 மணி. தூசியை ஒரு துணியில் பிடித்தால் தோரியத்தின் வாரிசைப் பிடித்தாகிவிட்டது.

1900ஆம் ஆண்டு மான்ட்ரியாலில் ரதர்ஃபோர்டு செய்ததும் இதைத்தான். தோரியச் சேர்மங்களிலிருந்து வந்த வாயு ஒரு நிமிடத்தில் பாதியாவதையும், அது பட்ட பொருள்களில் ஒட்டிய கதிரியக்கம் சுமார் 11 மணி நேரத்தில் பாதியாவதையும் அளந்தார். அரை ஆயுட்காலம் என்ற கருத்தே அங்கிருந்து வந்ததுதான். அந்த அளவீட்டை நம் வீட்டுக் காற்றில் திரும்பச் செய்யும் வழி கீழே.

கருவி எப்படி வேலை செய்கிறது

கிளவுட் சேம்பர் என்னும் முகில் கலத்தை உருவாக்கியவர் சி. டி. ஆர். வில்சன். 1911இல் அதில் முதன்முதலாகத் துகள்களின் தடங்களைக் கண்டார், 1927இல் நோபல் பரிசு பெற்றார். நாம் செய்யப்போவது பின்னால் வந்த எளிய வகை. மேலே ஆல்கஹாலில் நனைந்த துணி, கீழே கடும் குளிரான தகடு. ஆவி மேலிருந்து இறங்கி, தகட்டுக்கு மேல் சில மில்லிமீட்டர் உயரத்துக்குள் துளியாக முடியாமல் தவிக்கும் நிலைக்கு வரும். மின்னூட்டமுள்ள துகள் அந்த அடுக்கைக் கடக்கும்போது வழியெல்லாம் அயனிகளை விட்டுச் செல்கிறது. ஆவி அவற்றைப் பற்றித் துளியாகிறது. வெள்ளைக் கோடு ஒன்று தோன்றி ஒரு நொடியில் கலையும்.

ஐசோபுரோபைல் ஆல்கஹாலுக்கு இந்த நிலை வர, தகடு மைனஸ் 26 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போக வேண்டும். மைனஸ் 30 கிடைத்தால் நல்லது. உப்பும் ஐஸும் கலந்தால் எவ்வளவு நன்றாகக் கலந்தாலும் மைனஸ் 21ஐத் தாண்டாது, அதை மட்டும் வைத்து முயல்வது வீண். பல வழிகாட்டிகள் உலர்பனியை, அதாவது உறைந்த கார்பன் டை ஆக்சைடைச் சொல்லும். அது எளிதில் கிடைக்கும் இடத்தில் அதுவே சிறந்தது. நம் மாவட்டத்தில் தாராளமாகக் கிடைப்பது துறைமுகத்து ஐஸ். குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம், சின்னமுட்டம் என எங்கும் பார் ஐஸ் உண்டு. ஆகவே மின்சாரம் பாய்ந்தால் ஒரு பக்கம் குளிர்ந்து மறுபக்கம் சூடாகும் பெல்டியர் தகடுகளால் குளிரூட்டி, அவை கக்கும் வெப்பத்தை ஐஸ் தண்ணீருக்குக் கடத்துவோம்.

வாங்க வேண்டியவை

டி.இ.சி.1-12706 என்ற பெல்டியர் தகடு இரண்டு (4 செ.மீ. சதுரம்), அதே அளவுள்ள, உள்ளே தண்ணீர் ஓடும் அலுமினிய வாட்டர் பிளாக் ஒன்று, 12 வோல்ட்டில் ஓடும் சிறிய நீர்மூழ்கி பம்ப், அதற்கேற்ற டியூப் இரண்டு மீட்டர், வெப்பத்தைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட். மின்சாரத்துக்குப் பழைய கம்ப்யூட்டரின் பவர் சப்ளை பெட்டியான எஸ்.எம்.பி.எஸ். போதும். அதில் மஞ்சள் வயர் 12 வோல்ட், சிவப்பு 5 வோல்ட், கறுப்பு எதிர்முனை. பச்சை வயரை ஒரு கறுப்போடு இணைத்தால் இயங்கத் தொடங்கும். பெட்டியைத் திறக்க வேண்டாம், உள்ளே உயர் மின்னழுத்தம் தங்கியிருக்கும்.

இவற்றோடு 1 மி.மீ. தடிப்புள்ள செம்புத் தகடு 4×4 செ.மீ., கறுப்பு இன்சுலேஷன் டேப், கைவினைக் கடையில் கிடைக்கும் ஃபோம் ஷீட், ஃபெல்ட் துணி, பத்து செ.மீ. உயரமுள்ள அகல வாய்க் கண்ணாடி டம்ளர், வாசலின், எல்.இ.டி. டார்ச், வெப்பநிலை அளக்கும் கே வகைத் தெர்மோகப்பிள் உள்ள மல்ட்டிமீட்டர். டம்ளருக்குப் பதில் அக்ரிலிக் பெட்டி வேண்டாம், ஆல்கஹால் பட்டால் அது நாளடைவில் வெடித்து மங்கிவிடும்.

ஐசோபுரோபைல் ஆல்கஹால் 99 சதவீதமாக இருக்க வேண்டும். மொபைல் பழுதுபார்ப்பவர்கள் போர்டைத் துடைக்க இதைத்தான் வைத்திருப்பார்கள், அந்தப் பாகங்கள் விற்கும் கடையில் கேளுங்கள். கைகழுவும் சானிடைசரில் கால் பங்குக்கு மேல் தண்ணீர். அது தகட்டில் உறைபனியாகப் படிந்து எல்லாவற்றையும் மறைத்துவிடும்.

அடுக்கும் முறை

முதலில் ஒவ்வொரு பெல்டியரையும் 5 வோல்ட்டில் ஒரே ஒரு விநாடி இணைத்து, எந்தப் பக்கம் குளிர்கிறது என்று விரலால் தொட்டுப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். அச்சிட்ட எழுத்தை நம்ப வேண்டாம், தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறுகிறது.

வாட்டர் பிளாக்கின் மேல் மெல்லிய தெர்மல் பேஸ்ட். அதன்மேல் முதல் பெல்டியர், சூடாகும் பக்கம் கீழே. இது 12 வோல்ட்டில் ஓடும். மறுபடி பேஸ்ட். அதன்மேல் இரண்டாவது பெல்டியர், இதற்கும் சூடாகும் பக்கம் கீழே. ஆனால் இதற்கு 5 வோல்ட் மட்டும். இரண்டுக்கும் 12 கொடுத்தால் இன்னும் குளிரும் என்றுதான் தோன்றும். நடப்பது வேறு. மேலே உள்ளது தான் இழுத்த வெப்பத்தோடு தான் தின்ற மின்சாரத்தையும் வெப்பமாகக் கீழே தள்ளுகிறது. கீழ்ப் பெல்டியருக்கு அந்தச் சுமை தாங்காமல் மொத்த அடுக்கும் சூடாகிவிடும். கடைசியாகப் பேஸ்ட், செம்புத் தகடு, அதன்மேல் சுருக்கமில்லாமல் ஒட்டிய கறுப்பு டேப்.

அடுக்கை இரண்டு நைலான் டேகுகளால் எதிரெதிர் ஓரங்களில் கட்டுங்கள். பேஸ்ட் ஓரத்தில் லேசாகப் பிதுங்கும் அளவு இறுக்கம் போதும். கூடினால் பீங்கான் விரிசல் விடும். பக்கவாட்டில் ஃபோம் துண்டுகளை வைத்து இடைவெளியைச் சிலிகான் சீலன்டால் மூடிவிடுங்கள். இதைச் சோம்பலில் விட்டுவிட்டால், நம் கடலோர ஈரப்பதத்தில் பெல்டியரின் உள்ளே தண்ணீர் கோர்த்துச் சில நாளில் இணைப்புகள் துருப்பிடித்து அறுந்துபோகும். கருவி இரண்டாம் முறை குளிராமல் போவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம்.

12 செ.மீ. சதுர ஃபோம் ஷீட்டில் நடுவே 4 செ.மீ. சதுரம் வெட்டி, செம்புத் தகடும் ஃபோமும் ஒரே மட்டத்தில் வரும்படி பொருத்துங்கள். டம்ளர் இதன்மேல்தான் கவிழும்.

ஃபெல்ட்டை டம்ளரின் உள் அடித்தளத்துக்கு வெட்டி, வளைத்த ஸ்டீல் கம்பி வளையத்தால் அழுத்தி நிறுத்துங்கள். பசை போட்டால் ஆல்கஹால் அதைக் கரைத்து ஆவியைக் கெடுக்கும்.

ஓட்டுதல்

மீன் வைக்கும் தெர்மாகோல் பெட்டியில் உடைத்த ஐஸ் 5 கிலோ, பம்ப் மூழ்குமளவு தண்ணீர். கணக்கு இது: இரண்டு பெல்டியரும் சேர்ந்து 70 வாட் அளவு, பம்ப் 5 வாட். மணிக்கு 270 கிலோஜூல். ஒரு கிலோ ஐஸ் உருக 334 கிலோஜூல் பிடிக்கும். ஆக மணிக்கு 800 கிராம் ஐஸ் கரையும், பெட்டி வழியாகக் கசிவதையும் சேர்த்தால் 5 கிலோ நான்கு மணி நேரத்துக்குத் தாராளம். தண்ணீரில் உப்புப் போடாதீர்கள், அலுமினிய பிளாக் அரித்துவிடும்.

பம்ப்பை முதலில் போட்டு, டியூபில் தண்ணீர் திரும்பி வருவதைப் பார்த்த பிறகுதான் பெல்டியருக்கு மின்சாரம். வரிசை மாறினால் கீழ்ப் பெல்டியர் ஒரு நிமிடத்துக்குள் கருகும். தெர்மோகப்பிளின் நுனியைத் தகட்டின் ஓரத்தில் டேப்பால் ஒட்டி வைத்தால், பத்து நிமிடத்துக்குள் மைனஸ் 28ஐத் தொடுவது தெரியும். தொடவில்லை என்றால் பேஸ்ட் சரியாகப் பரவவில்லை, அல்லது டியூபில் காற்று அடைத்திருக்கிறது.

ஃபெல்ட்டில் 5 மி.லி. ஆல்கஹால் ஊற்றுங்கள், சொட்டக் கூடாது. டம்ளரின் விளிம்பில் வாசலின் தடவிக் கவிழ்த்து அழுத்துங்கள். இடைவெளியை அடைக்க மாவுப் பிசைவு வேண்டாம், அதிலுள்ள தண்ணீர் உறைபனியாக வரும். அறையில் அடுப்போ கொசுவர்த்தியோ எரியக் கூடாது. தடங்கள் துலக்கமாகத் தெரிய உயர் மின்னழுத்தம் உதவும் என்று கொசு பேட்டின் சர்க்யூட்டை இணைப்பவர்கள் உண்டு. ஆல்கஹால் ஆவியும் தீப்பொறியும் ஒரே டம்ளரில் இருக்கக் கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து.

அறையை இருட்டாக்கி, டார்ச்சைத் தகட்டின் மட்டத்துக்குத் தாழ்வாக எதிர்ப்புறம் வையுங்கள். ஒளி உங்கள் பக்கம் வர வேண்டும், ஆனால் நேராகக் கண்ணில் விழக் கூடாது. பார்வை மேலிருந்து சாய்வாக. முதலில் தகட்டின் மேல் மழைத் தூறல் போல நுண்துளிகள் விழுவது தெரியும். பிறகு ஐந்து முதல் பத்து நிமிடத்துக்குள் கோடுகள் வரத் தொடங்கும்.

தூறல் மட்டும் விழுந்து கோடு வராவிட்டால், மேலுக்கும் கீழுக்கும் வெப்ப வேறுபாடு போதவில்லை. டம்ளரின் தலைமேல் வெதுவெதுப்பான தண்ணீர் நிரப்பிய சிறு கிண்ணத்தை வையுங்கள். தூறலே இல்லையென்றால் ஆல்கஹால் போதவில்லை. துளிகள் சுழன்று ஓடினால் எங்கேயோ காற்று நுழைகிறது, வாசலினைத் திரும்பப் பூசுங்கள், மின்விசிறியை நிறுத்துங்கள். தகடு வெள்ளை பூத்தால் உள்ளே ஈரக்காற்று. மின்சாரத்தை நிறுத்தித் தகட்டைத் துடைத்து மீண்டும் தொடங்க வேண்டியதுதான். இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் இது ஓயாத தொல்லை. தை முதல் பங்குனி வரையான மாதங்களே இந்த வேலைக்கு ஏற்றவை.

தூசி பிடித்த துணி எதையும் வைக்காமலே சில தடங்கள் வரும். மெல்லிய நேர்கோடுகள் மியூவான்கள். விண்வெளியிலிருந்து வரும் புரோட்டான்கள் 15 கிலோமீட்டர் உயரத்தில் காற்றில் மோதும்போது பிறப்பவை. அவற்றின் சராசரி வாழ்நாள் 2.2 மைக்ரோவிநாடி. ஒளியின் வேகத்தில் ஓடினாலும் அதற்குள் 660 மீட்டர்தான் கடக்க முடியும். சார்பியல் சொல்லும் காலநீட்சி (வேகமாக ஓடும் பொருளுக்குக் காலம் மெதுவாக நகர்வது) இல்லாமல் ஒன்றுகூட உங்கள் டம்ளரை எட்டாது. இந்தியாவின் தென்முனை காந்த நடுக்கோட்டை ஒட்டியிருப்பதால் புவிக்காந்தம் குறைந்த ஆற்றலுள்ள விண்கதிர்களை இங்கே திருப்பி அனுப்பிவிடுகிறது. துருவம் பக்கம் உள்ளவர்கள் எழுதும் எண்ணிக்கையைவிட உங்களுக்குச் சற்றுக் குறைவாகவே வரும், கருவி மேல் சந்தேகம் வேண்டாம். வளைந்து நெளியும் மெல்லிய கோடுகள் எலக்ட்ரான்கள். குட்டையாக, தடித்து, நேராக வருபவை ஆல்ஃபா துகள்கள். தோரியத்தின் வாரிசுகள் சிதையும்போது கிளம்புவதால் நமக்கு வேண்டியவை அவையே. எப்போதாவது ஒரே புள்ளியிலிருந்து இரண்டு தடித்த கோடுகள் விரிந்து வரும். கலத்துக்குள் அகப்பட்ட ஒரு தோரான் அணுவும், 0.15 விநாடியில் பாதியாகும் அதன் வாரிசான பொலோனியம்-216ம் அடுத்தடுத்துச் சிதைந்த அடையாளமாக அது இருக்கலாம். கண்டால் வீடியோவை நிறுத்தி மறுபடி பாருங்கள், அவ்வளவு அழகு அது.

காற்றிலிருந்து பிடிப்பது

பலூனைத் தலையில் தேய்த்துத் தொங்கவிட்டால் தூசி ஒட்டும் என்று படித்திருப்பீர்கள். வறண்ட ஊர்களில் அது நன்றாக வேலை செய்யும். கடற்கரைக் காற்றில் பலூனின் மின்னூட்டம் விரைவில் வடிந்துவிடும். வேக்குவம் கிளீனரே நம்பகம்.

பயன்படுத்தாத என்95 மாஸ்க் ஒன்றை வெட்டிப் பிரித்தால் நடுவில் மெல்லிய, வெள்ளை, காகிதம் போன்ற அடுக்கு வரும். அதை மட்டும் எடுத்து வேக்குவம் குழாயின் வாயில் ரப்பர் பேண்டால் கட்டுங்கள். வெளி அடுக்கையும் சேர்த்து வைத்தால், நடுவில் சிக்கிய அணுக்களிலிருந்து கிளம்பும் ஆல்ஃபா அதைத் தாண்டுவதற்குள் ஆற்றல் இழந்துவிடும்.

தரைத்தளத்தில் இரவு முழுக்க ஜன்னல் சாத்திய அறையைத் தேர்ந்தெடுங்கள். விடியற்காலை, கடற்காற்று எழும்புமுன், குழாயின் வாயைத் தரைக்கு ஒரு சாண் மேலே வைத்து 15 நிமிடம் ஓட்டி, 5 நிமிடம் நிறுத்தி, மூன்று சுற்று. தொடர்ந்து ஓட்டினால் காற்றோட்டம் குறைந்த மோட்டார் சூடேறி நின்றுபோகும். மழை பெய்து மண் நனைந்திருக்கும் நாளில் மண்ணிலிருந்து வரும் தோரான் வெகுவாகக் குறையும், இரண்டு மூன்று நாள் காய விடுங்கள்.

துணியில் சாம்பல் நிறம் ஏறிய இடத்தில் ஒரு செ.மீ. சதுரம் வெட்டி, காற்று பட்ட முகம் தகட்டின் நடுவைப் பார்க்கும்படி, வளைத்த கம்பியில் நிற்க வையுங்கள். அடி ஓரம் தகட்டைத் தொடாமல் 3 மி.மீ. மேலே நிற்க வேண்டும். தொட்டால் ஆல்கஹாலை உறிஞ்சி நனையும். ஆல்ஃபாவை நிறுத்த ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு திரவமே போதும், தடங்கள் வராமலே போகும்.

கடிகாரத்தால் தோரியத்தை அடையாளம் காண்பது

முதல் மணி நேரத்தில் துணியிலிருந்து ஆல்ஃபாக்கள் பொழியும். அவற்றைத் தோரியத்தின் கணக்கில் எழுதிவிடாதீர்கள். பெரும்பகுதி யுரேனிய வரிசையின் ரேடான்-222 தந்த வாரிசுகள். அவற்றில் நீண்ட நேரம் தாக்குப்பிடிக்கும் ஈயம்-214க்கே அரை ஆயுட்காலம் 26.8 நிமிடம்தான். ஐந்து மணி நேரம் காத்திருந்தால் அந்தக் கூட்டம் ஏறக்குறைய முழுவதும் ஓய்ந்துவிடும். அதன் பிறகும் துணியிலிருந்து தடித்த கோடுகள் வருமானால் அவை தோரியத்தின் வழிவந்தவை. ஈயம்-212 சிதைந்து பிஸ்மத்-212 ஆகி, அதிலிருந்தும் பொலோனியம்-212இலிருந்தும் கிளம்புகின்றன. பொலோனியம்-212இன் ஆல்ஃபா காற்றில் எட்டு செ.மீ.க்கு மேல் ஓடக்கூடியது. உங்கள் தகடு 4 செ.மீ. மட்டுமே என்பதால் கோடு ஓரத்தில் அறுந்ததுபோல் தெரியும், அது குறையல்ல.

காலை 6 மணிக்குத் துணியை எடுத்தால், 11 மணிக்கு முதல் எண்ணிக்கை. போனை ஸ்டாண்டில் வைத்து, ஃபோகஸைத் தகட்டில் பூட்டி, 20 நிமிடம் வீடியோ எடுத்துப் பின்னர் நிதானமாக எண்ணுங்கள். நேரில் எண்ணினால் கண் களைத்துப் பாதியைத் தவறவிடும். உடனே துணியை எடுத்துவிட்டு, பயன்படுத்தாத மாஸ்க் துண்டை அதே இடத்தில் வைத்து இன்னொரு 20 நிமிடம். இது பின்னணி. இடையில் கருவியை நிறுத்திவிட்டு, இரவு 9.40க்கு, புது ஐஸோடு, அதே துணியை மறுபடி 20 நிமிடம்.

உதாரணத்துக்கு, காலையில் 120 தடம், பின்னணி 10 என்றால் துணிக்கு உரியது 110. இரவில் அது 55 ஆக வேண்டும், பின்னணியோடு சேர்த்து 65. சிதைவு தற்செயலானது என்பதால் 65இன் வர்க்கமூலமான 8 வரை கூடக்குறைய இருப்பது இயல்பு, அதைவிடக் கொஞ்சம் விலகினாலும் பதற வேண்டாம். மொத்தமே 20 தடம் வந்தால் இந்தக் கணக்கு எதையும் சொல்லாது, எண்ணும் நேரத்தை ஒரு மணியாக்குங்கள்.

பாதியைவிட வேகமாகக் குறைந்தால், துணி ஆவியில் நனைந்திருக்கிறது அல்லது ஐந்து மணி நேரம் பொறுக்கவில்லை. குறையவே இல்லையென்றால் இரவில் தகடு அதிகமாகக் குளிர்ந்து தடம் தெரியும் அடுக்கு தடித்திருக்கும். இரண்டு முறையும் தகட்டின் வெப்பநிலை ஒரு டிகிரிக்குள் ஒத்திருப்பது, ஆல்கஹால் அளவு ஒன்றாக இருப்பது, துணி நிற்கும் இடம் மாறாதிருப்பது, இந்த மூன்றும்தான் அளவீட்டின் உயிர். துணி நிற்கும் இடத்தைக் குறிக்க ஓரத்தில் ஒரு கோடு கீறி வைத்துக்கொள்ளுங்கள்.

மணவாளக்குறிச்சி வீட்டையும் பேச்சிப்பாறைப் பக்கத்து வீட்டையும் ஒப்பிட ஆசை வரும். ஒப்பிடலாம், ஆனால் ஒரே வேக்குவம், ஒரே நேரம், ஒரே பருவம், ஒரே அளவு மூடிய அறை. மலைப்பக்கம் பூஜ்யமாக இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். மோனசைட் பிறந்ததே அந்த மலைப்பாறைகளில். வள்ளியாறு போன்ற ஆறுகள் அரித்துக் கொண்டுவர, கடல் அதை எடைவாரியாகத் தரம் பிரித்துக் கரையில் சேர்த்தது. இந்த எண்ணிக்கை உடலில் சேரும் கதிர்வீச்சின் அளவைச் சொல்லாது என்பதையும் மனதில் வையுங்கள். அதற்கு அளவுத்திருத்தம் செய்த கருவிகள் வேண்டும். தடம் அதிகம் வந்தது என்று அக்கம்பக்கத்தில் சொல்லிப் பயமுறுத்துவது தவறு.

வேலை முடிந்ததும் துணியை ஒரு கவரில் போட்டு நான்கு நாள் வைத்தால் ஈயம்-212 ஒன்பது முறை பாதியாகி 500இல் ஒரு பங்குக்கும் கீழே வந்துவிடும். பிறகு சாதாரணக் குப்பையில் போடலாம். பெல்டியரை நிறுத்திய பின்னும் பம்ப்பை ஐந்து நிமிடம் ஓடவிடுங்கள். அப்புறம் பிளாக்கிலிருந்து தண்ணீரை ஊதி வெளியேற்றி, டம்ளரைத் திறந்து ஆல்கஹால் வாடை போகும்வரை ஜன்னலோரம் வையுங்கள்.